வெளி மைதானக் கோர்ட்டுக்கு எந்தத் தளம் போடலாம்? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட வேலையில் மேற்பார்வை பார்ப்பது என் பிழைப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாலிபால். நாலு வருடத்துக்கு முன் எங்கள் ஊர் கிளப்புக்கு ஒரு கோர்ட் தளம் போட்டோம். தக்கலைக்கும் கருங்கலுக்கும் நடுவே உள்ள சின்ன ஊர் அது. அதில் சில காரியங்களைச் சரியாகச் செய்தோம், சிலவற்றைக் கெடுத்தோம். அன்று முதல் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, டீக்கடையில் நின்றாலும் சரி, பக்கத்து ஊர்க்காரர் யாராவது வந்து இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"எங்ககிட்ட ஒன்பது சென்ட் கெடக்கு. அதுல என்ன கோர்ட் வரும்?"

வாலிபால் வரும், மட்டுமட்டாக. கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் 3 மீட்டராவது வெறும் இடம் வேண்டும். ஆக 24க்கு 15, மொத்தம் 360 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் ஒன்பது சென்ட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் கணக்கு ஒத்து வந்தாலும் வடிவம் ஒத்து வரவேண்டுமே! நம் ஊர் விளைகள் (தோட்ட நிலங்கள்) பலவும் ஒடுங்கி நீளமாகப் போகும். பத்து மீட்டர் அகலத்தில் ஒன்பது சென்ட் இருந்து பயனில்லை. ஓடைக்கும் வேலிக்கும் தனியாக இடம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஷட்டில் இரட்டையர் கோர்ட் 13.40க்கு 6.10 மீட்டர்; ஓடியாடும் இடம் சேர்த்து நாலு சென்ட் போதும். பாஸ்கட்பால் 28க்கு 15; நாலு பக்கமும் 2 மீட்டர் விட்டால் பதினைந்து சென்ட். டென்னிஸுக்குச் சுற்று இடத்தோடு 36.57க்கு 18.29, அதாவது பதினாறரை சென்ட். ஆண்கள் கபடிக் களம் 13க்கு 10.

"தளத்துல எத்தன வகை உண்டு?"

வெளியே போடத்தக்கவை என்று பார்த்தால் மண், மணல், வெறும் கான்கிரீட், கான்கிரீட் மேல் அக்ரிலிக் பூச்சு, தார் மேல் அக்ரிலிக் பூச்சு, பிளாஸ்டிக் டைல், செயற்கைப் புல். தார் தளத்துக்கு ரோடு போடுகிற யந்திரமும் ஆட்களும் வரவேண்டும். ஒரே ஒரு கோர்ட்டுக்காக அவர்களை வரவழைப்பது கஷ்டம் என்பதால் நம் பக்கம் அதை விட்டுவிடுகிறேன்.

எல்லோரும் மேலே தெரிகிற நிறத்தைப் பார்த்துத்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "பெய்கிற மழை எங்கே போய்ச் சேரும்?" என்று. ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, நடுவில் சித்திரையிலே இடியோடு கோடை மழை என்று பெய்கிற மாவட்டம் இது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் தளத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

"மண் தளமே போதாதா? நாங்க சின்ன வயசுல அதுலதானே ஆடினோம்?"

போதும். பகலில் ஆடுகிற, ஆட்கள் முறைவைத்துத் தண்ணீர் தெளித்து ரோலர் இழுக்கிற ஊராக இருந்தால் மண் தளம் போல் சுகமானது வேறில்லை. விழுந்தாலும் அவ்வளவாகத் தோல் உரியாது, கால் வலிக்காது. சாணி மெழுகி, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடத்திய காலம் எனக்கும் நினைவிருக்கிறது.

மண்ணின் பக்குவம் முக்கியம். களி கூடினால் மழையில் சேறு, வெயிலில் வெடிப்பு. மணல் கூடினால் கால் வைத்த இடமெல்லாம் பறிந்துபோகும். எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி, ஜன்னல் திண்டில் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். மறுநாள் காலையில் அதற்கு மேல் வழவழப்பாகத் தெரிவது வண்டலும் களியும். மேல்படலம் அடிப்படலத்தைவிடத் தடிமனாக இருந்தால் அந்த மண்ணை அப்படியே போடாதீர்கள், மணலோ பாறைப்பொடியோ கலக்க வேண்டும். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் சரள் கலந்த செம்மண்ணைச் சலித்துப் போட்டால் நன்றாக இறுகும். சலிக்காமல் போட்டால் முழங்கால் உங்களைச் சபிக்கும்.

பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸில் பார்க்கிற சிவப்புத் தளமும் மண் என்றுதான் பேர். உண்மையில் மேலே தெரிவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செங்கல் பொடி. அதற்குக் கீழே நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல் அடுக்கு. அதற்கும் கீழே கசடும் ஜல்லியும். மண் தளம் என்றால் செலவில்லாதது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

"சிமெண்ட் தளம் போட்டா முட்டு போயிரும்னு சொல்லுதாவளே, உண்மையா?"

பாதி உண்மை. கான்கிரீட் துளிகூட அமுங்காது; குதித்து இறங்கும்போது வருகிற அதிர்ச்சி முழுவதையும் காலே வாங்குகிறது. தினமும் இரண்டு மணி நேரம் ஸ்பைக் அடிக்கிற பையனுக்கு அது நல்லதல்ல. அக்ரிலிக் பூசினால் மெத்தென்று ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். சாதாரண அக்ரிலிக் பூச்சு மொத்தமே இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். அது பிடிமானம் தரும், மென்மை தராது. மென்மை வேண்டுமென்றால் ரப்பர் துகள் கலந்த குஷன் அடுக்குகளைப் பூச்சுக்கு அடியில் கொடுக்க வேண்டும். அதற்குச் செலவு கூடும்.

குஷனுக்குப் பணமில்லையென்றால் நல்ல ஷூ வாங்குங்கள், வாரத்தில் இரண்டு நாள் குதிக்காத பயிற்சி வையுங்கள். எங்கள் கிளப்பில் வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று ஒரு விதி போட்டோம். அதை மீறுபவர் எல்லோருமே ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்.

"கான்கிரீட் எவ்வளவு கனம்? கம்பி கட்டணுமா?"

அடிமண் இறுகிய இடத்தில் 10 சென்டிமீட்டர் போதும். திருவிழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்றிய லாரி உள்ளே வரும், கல்யாணத்துக்குக் கார் நிறுத்துவார்கள் என்றால் 15 போடுங்கள். "யாரும் வண்டி ஏற்ற மாட்டார்கள்" என்று கமிட்டியில் எழுதி வைத்தாலும் ஏற்றுவார்கள். வாலிபால் கோர்ட் முழுவதற்கும் 10 சென்டிமீட்டர் என்றால் 36 கன மீட்டர் கான்கிரீட். எம் 20 என்கிற தரத்துக் கலவைக்குச் சுமார் 290 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். மதிப்பீட்டுத் தாளில் 180 மூட்டை என்று பார்த்தால், கனம் குறைகிறதா கலவை குறைகிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கம்பி வலை வெடிப்பை நிறுத்தாது, வெடித்தது விரியாமல் பிடித்துக்கொள்ளும். வெடிப்பை நாம் சொல்கிற இடத்தில் வரவைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அதற்குத்தான் மூட்டு வெட்டுவது. கான்கிரீட் போட்ட மறுநாளுக்குள் கட்டரால் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்குக் கீறிவிட வேண்டும். 24 மீட்டரை ஆறாகவும் 15 மீட்டரை நாலாகவும் பிரித்தால் 4க்கு 3.75 மீட்டரில் 24 கட்டங்கள் வரும். ஒரு கீறல் சரியாக வாலிபால் வலைக்கு நேர் கீழே விழும். கான்கிரீட்டுக்கு அடியில் தடித்த பாலித்தீன் தாள் விரிப்பதை விட்டுவிடாதீர்கள். மண் ஈரம் மேலே ஏறாமல் அது தடுக்கும். ஏறினால் என்ன ஆகும் என்பது ஒரு கேள்விக்கு அப்புறம் வருகிறது.

"சரிவு எவ்வளவு? நடுவுல உசத்தி ரெண்டு பக்கமும் சரிச்சு விட்டா தண்ணி சீக்கிரம் போவும்லா?"

போகும். ஆனால் நடு உயர்ந்த கோர்ட்டில் பந்து குதிப்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும், வலையின் உயரமும் இடத்துக்கு இடம் மாறும். முழுத் தளமும் ஒரே சாய்வாக, ஒரு பக்கக் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கக் கோட்டுக்கு இறங்க வேண்டும். நீளவாக்கில் சரித்தால் ஒரு அணி மேட்டிலும் மறு அணி பள்ளத்திலும் ஆட வேண்டியிருக்கும். சர்வதேச வாலிபால் விதியில் வெளிக் கோர்ட்டுக்கு வடிகால் சரிவாக மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் அனுமதி உண்டு. 15 மீட்டர் அகலத்துக்கு ஏழரை சென்டிமீட்டர். டென்னிஸ், பாஸ்கட்பாலுக்கு நூற்றுக்கு ஒன்று வைப்பது வழக்கம்.

மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் என்பது கொத்தனாருக்குக் கண்ணில் படாத சரிவு. அதனால் ரசமட்டத்தை மட்டும் நம்பாமல், டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து, 4 மீட்டருக்கு ஒரு குறி போட்டு, நூல் கட்டி, அந்த நூலுக்குக் கான்கிரீட்டை இழுக்க வேண்டும். எங்கள் வேலையில் கடைசிக் கட்டத்துக்கு வரும்போது மணி ஐந்தரை, மேற்கே கறுத்துவிட்டது, ஆட்கள் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். நூலை அவிழ்த்துவிட்டு மட்டப்பலகையைக் கண்ணளவாக இழுத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மறுநாள் குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், தென்மேற்கு மூலையில், சரியாகச் சர்வீஸ் போடுகிறவன் நிற்கிற இடத்தில், ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் அன்றே அதற்குக் "குளம்" என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"கான்கிரீட் போட்டு பத்து நாள்ல கலர் அடிக்கலாம்னு கான்ட்ராக்டர் சொல்லுதாரு. சரியா?"

சரியில்லை. 28 நாள் பொறுங்கள். முதல் இரண்டு வாரம் ஈரச் சாக்கு போட்டு நனைத்து, பிறகு காயவிட வேண்டும். மேலே பளபளவென்று தேய்த்து முடிக்கக்கூடாது. துடைப்பத்தால் லேசாக வரிவரியாக இழுத்த மாதிரிச் சொரசொரப்பு வேண்டும். நனைப்பதற்குப் பதிலாக மேலே தெளிக்கிற கியூரிங் ரசாயனத்தையும் தவிர்த்துவிடுங்கள், அதன் மேல் பூச்சு ஒட்டாது. பூசுவதற்கு முன் நீர்த்த ஆசிட் விட்டுக் கழுவி, சுத்தத் தண்ணீரில் அலசி, உலரவிட வேண்டும்.

இதை நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களுக்குப் பூச்சு வேலை செய்த ஒப்பந்தக்காரர் இருபதாம் நாளே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், வேறு ஊரில் வேலை இருக்கிறது என்று அவசரம். மூன்றாவது மாதம் நீலப் பகுதியில் அப்பளம் பொரிந்த மாதிரிக் கொப்புளங்கள். ஒன்றைப் பிளேடால் கீறினேன். உள்ளே ஈரம், வெள்ளைப் பொடி. கான்கிரீட்டுக்குள் இருந்த ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே வந்து பூச்சைத் தூக்கிவிட்டது. இப்போது யார் கேட்டாலும் சொல்வது இதுதான்: ஒரு மீட்டர் சதுரப் பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு இரவும் பகலுமாக விடுங்கள். எடுக்கும்போது அடியில் வியர்த்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ பூசும் நேரம் வரவில்லை.

"வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெளிப்புறப் பெயிண்டே அடிச்சா என்ன? விலை பாதிதானே?"

அடித்தவர்கள் இருக்கிறார்கள். முதல் மழையில் சறுக்குமரம் ஆகும், ஒரு வருடத்தில் ஷூ படுகிற இடமெல்லாம் உரியும். கோர்ட் அக்ரிலிக்கில் நுண்ணிய சிலிக்கா மணல் கலந்திருக்கும். பிடிமானம் அந்த மணலில்தான் இருக்கிறது. மணல் கலந்த அடிப்பூச்சு, நிறப்பூச்சு இரண்டு கை, கடைசியாகக் கோடு என்று அடுக்கடுக்காக ரப்பர் பட்டையால் இழுப்பார்கள், பிரஷ்ஷால் அடிப்பதில்லை. கோட்டுக்கும் இதே வகைப் பூச்சுதான். எனாமலில் கோடு போட்டால் ஈரத்தில் கோடு மட்டும் வழுக்கும். ஓடிவருகிறவன் கோட்டில் கால் வைத்துத்தான் திரும்புவான்.

"எந்த மாசத்துல வேலையத் தொடங்கணும்?"

தை பிறந்ததும். ஜனவரியில் கான்கிரீட், 28 நாள் கழித்து பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் பூச்சு. ஏப்ரலில் கோடை மழை ஆரம்பிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஜூனில் தொடங்குகிறவர்கள் தார்ப்பாய்க்கே பாதிப் பணம் செலவழிப்பார்கள்.

தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். கணவாய் வழியாக வருகிற காற்று முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றவைக்கும், உங்கள் கான்கிரீட்டைச் சில மணி நேரத்திலேயே உலர்த்தியும் விடும். மேல்பரப்பு சடாரென்று உலர்ந்தால் கோழிக்கால் மாதிரி மெல்லிய வெடிப்பு விழும். அதிகாலையில் போட்டு, இழுத்து முடித்த கையோடு பாலித்தீனால் மூடிவிடுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை அங்கே வேலை வேண்டாம்.

"பிளாஸ்டிக் டைல் கட்டங் கட்டமா மாட்டுதாவளே, அது நமக்கு ஒத்துவருமா?"

மழைக்கு நன்றாகவே ஒத்துவரும். பாலிப்ரொப்பிலீனில் செய்த, ஏறக்குறைய ஓர் அடிச் சதுர டைல்கள், ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டுவது. மேலே சல்லடை போல் துளை இருப்பதால் மழை நின்ற கொஞ்ச நேரத்தில் ஆடலாம். உடைந்த டைலை மட்டும் மாற்றலாம். இடம் வாடகை என்றால் கழற்றிக்கொண்டும் போகலாம்.

ஆனால் இதற்கும் அடியில் சமமான கான்கிரீட் வேண்டும். பள்ளத்தின் மேல் டைல் மாட்டினால் மிதிக்கும்போது டப் டப் என்று சத்தம் வரும், கொக்கி முறியும். பிளாஸ்டிக் வெயிலில் விரியும், 24 மீட்டர் நீளத்துக்குச் சில சென்டிமீட்டர் வரை. அதனால் சுவரோடு முட்டவைக்கக்கூடாது, தரையில் ஆணி அடிக்கக்கூடாது. சருகும் மண்ணும் துளை வழியாக அடியில் இறங்கிச் சேரும், வருடத்துக்கு ஒருமுறையாவது சில வரிசைகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். வாங்கும்போது புற ஊதாக் கதிரைத் தாங்கும் தரமா என்று எழுத்தில் கேளுங்கள். அது இல்லாவிட்டால் நம் வெயிலில் வெளுத்து நொறுங்கும்.

"செயற்கைப் புல் போட்டா எல்லா வெளையாட்டும் ஆடலாமாமே?"

கால்பந்து ஆடலாம். கிரிக்கெட் வலைப்பயிற்சிக்கு ஆகும். பாஸ்கட்பால் அதில் குதிக்காது, ஷட்டிலில் வேகமாகத் திரும்பும்போது கால் சிக்கும், வாலிபால் சுமார். நடுப்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், வெறுங்கால் வைக்க முடியாது. மணிக்கு வாடகை விடுகிற டர்ஃப் எல்லாம் ராத்திரியில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புல்லுக்கு நடுவே தூவுகிற கறுப்பு ரப்பர் துகள் கனமழையில் அடித்துக்கொண்டு ஓடைக்கும், அங்கிருந்து குளத்துக்கும் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதிப்படி அந்தத் துகளை 2031க்குப் பிறகு அங்கே விற்க முடியாது. ஊர்க் குளத்துக்கு மேல்பக்கம் இடம் இருந்தால், என் யோசனை, வேண்டாம்.

"எங்க வீடு கடலுக்குப் பக்கம். கடற்கரை மண்ணையே அள்ளிப்போட்டு பீச் வாலிபால் கோர்ட் போடலாமா?"

அள்ளக்கூடாது. அனுமதியில்லாமல் மணல் எடுப்பது குற்றம். அதிலும் மணவாளக்குறிச்சி பக்கத்து மண்ணில் இல்மனைட், சிர்கான் போன்ற கனிமங்கள் இருக்கின்றன, தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது. அங்கே மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் அதைப் பிரித்தெடுக்கிறது. அந்தக் கறுப்பு மணல் வெயிலில் கொதிக்கும் என்பது குளச்சல், முட்டம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடைச்சீட்டோடு (மணல் ஏற்றிவர அரசு தரும் அனுமதிச் சீட்டு) வருகிற, கழுவிச் சலித்த, உருண்டையான மணலை வாங்குங்கள். எம் சாண்ட் முனை கூரானது, டைவ் அடித்தால் முழங்கையைச் சீவிவிடும். கோர்ட் 16க்கு 8. சுற்றிலும் 3 மீட்டர் சேர்த்தால் 22க்கு 14. ஆழம் 40 சென்டிமீட்டராவது வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 43 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மணல்! பெரும்பாலோர் இந்த எண்ணைக் கேட்டதும் வேறு விளையாட்டுக்கு மாறிவிடுகிறார்கள். மாறாதவர்கள், மணலுக்கு அடியில் ஜல்லியும் துளையிட்ட குழாயும் வைக்க மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் ஐப்பசியில் தொட்டி நிறையத் தண்ணீர்.

"கடற்கரைக் காத்துல வலைக்கம்பமே துருப்பிடிச்சு விழுது. தளம் தாங்குமா?"

அக்ரிலிக்கும் டைலும் உப்புக்காற்றைத் தாங்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பிதான் ஆபத்து. உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் உப்பிக்கொண்டு கான்கிரீட்டைப் பெயர்க்கும். கடலோரத்தில் கம்பி இல்லாமல், மேலே சொன்ன மூட்டுகளை நெருக்கமாக வெட்டிப் போடுவது எனக்குப் பிடித்த வழி. கலவைக்கு உப்புத் தண்ணீர் கூடவே கூடாது. கம்பத்துக்கும் வேலிக்கும் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாய் வாங்குங்கள். வெள்ளிப் பெயிண்ட் அடித்த குழாயைக் காட்டி "கால்வனைஸ்டு" என்று சொல்கிற கடைகளும் உண்டு.

"இடம் பழைய வயலு. மண்ணடிச்சு நெரப்பியாச்சு. உடனே போடலாமா?"

எப்போது நிரப்பினீர்கள், எப்படி நிரப்பினீர்கள் என்பதைப் பொறுத்தது. டிப்பரில் கொண்டுவந்து மொத்தமாகக் கொட்டி ஜேசிபியால் பரத்தியிருந்தால், அடியில் பழைய சேறு அப்படியே இருக்கும். அது வருடக்கணக்கில் அமர்ந்துகொண்டே போகும், இடத்துக்கு இடம் வேறு அளவில். அதன் மேல் கான்கிரீட் போட்டால் பலகை பலகையாகச் சாயும். நிரப்பும்போதே 20 சென்டிமீட்டருக்கு ஓர் அடுக்காகப் போட்டு, நனைத்து, ரோலர் விட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லையென்றால் இரண்டு மழைக்காலம் பொறுத்து, மண் தளத்தில் ஆடுங்கள். பொறுக்க முடியாதென்றால் டைலுக்கும் போகாதீர்கள், காரணம் மேலேயே இருக்கிறது. அப்புறம், வயலை மாற்றுவதற்கு அனுமதி வாங்கியிருக்கிறதா என்று கிராம அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள்.

மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணையே பள்ளத்தில் தள்ளி, கய்யாலை (கல் அடுக்கிய தடுப்புச் சுவர்) கட்டிச் சமமாக்கிய, மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து இடங்களிலும் இதே கதைதான். பாதிக் கோர்ட் பாறை மாதிரி நிற்கும், பாதி இறங்கும். வெட்டிய பகுதியும் நிரப்பிய பகுதியும் சேருகிற கோட்டில் ஒரு மூட்டு வைத்தே ஆகவேண்டும்.

"ரப்பர் மரத்துக்கு நடுவுல எங்க கோர்ட்டு. வருஷம் முழுக்கப் பாசி. எந்தத் தளம் போட்டா பாசி பிடிக்காது?"

எந்தத் தளமும் பிடிக்கும். பாசிக்கு வேண்டியது நிழலும் ஈரமும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் இரண்டும் தாராளம். மேற்குப் பக்கம் ஒரு வரிசை மரக்கொம்பைக் கழித்து வெயில் விழவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, நீர்த்த பிளீச்சிங் கரைசலைத் தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டு, நைலான் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பித் துடைப்பம் அக்ரிலிக்கைக் கீறிவிடும். உதிர்கிற இலையை அன்றன்றே கூட்டினால் கறை படியாது. மழைவிட்டு அரைமணியில் ஆடவேண்டும் என்று அடம்பிடித்தால் துளையுள்ள டைல் பரவாயில்லை, ஆனால் அதன் அடியில் இலை சேரும் என்பது நினைவிருக்கட்டும்.

"உள்ளரங்குல விரிக்கிற பச்ச ஷட்டில் மேட் பழசா கெடைக்குது. வெளியே விரிக்கலாமா?"

வேண்டாம். வெயிலில் சுருளும், மழையில் அடியில் நீர் கோத்து நாறும், ஈரத்தில் ஐஸ் மாதிரி வழுக்கும். வெளியில் ஷட்டிலுக்குத் தடை தளத்தைவிடக் காற்றுதான். காற்றைத் தாங்குகிற இறகுப்பந்தோடு ஏர்பேட்மின்டன் என்று ஒரு வெளி ஆட்டத்தை உலக பேட்மின்டன் கூட்டமைப்பு 2019இல் அறிமுகப்படுத்தியது. கடினத் தளம், புல், மணல் மூன்றிலும் அதை ஆடலாம்.

"ஒரே தளத்துல வாலிபால், ஷட்டில், பாஸ்கட்பால் மூணுக்கும் கோடு போடலாமா?"

இடம் பாஸ்கட்பாலுக்குப் போதுமென்றால் போடலாம். அதிகம் ஆடுகிற விளையாட்டுக்கு வெள்ளைக் கோடு, மற்றவற்றுக்கு மங்கலான வேறு நிறங்கள். வாலிபாலுக்கும் பாஸ்கட்பாலுக்கும் கோடு 5 சென்டிமீட்டர் அகலம், ஷட்டிலுக்கு 4. மூன்றும் வெள்ளையாக இருந்தால் நடுவரைத் தவிர எல்லோருக்கும் கொண்டாட்டம்.

கான்கிரீட் போடுவதற்கு முன்பே எல்லாக் கம்பங்களுக்கும் குழாய்க் குழிகளையும், விளக்குக் கம்பிக்கு அடியில் ஓடும் பைப்பையும் பதித்துவிடுங்கள். "கம்பத்தை அப்புறம் நட்டுக்கலாம்" என்றவர்கள், பூச்சு முடிந்த தளத்தை உடைத்துக்கொண்டு நிற்பதை நான் இரண்டு ஊரில் பார்த்துவிட்டேன். நீளவாக்கு தெற்கு வடக்காக இருக்கட்டும், சாயங்கால வெயில் யார் கண்ணிலும் நேராகக் குத்தாது.

"பள்ளிக்கூடத்துல பழைய சிமெண்ட் தளம் வெடிச்சுக் கெடக்கு சார். ஒடச்சிட்டுப் புதுசா போடணுமா, மேலேயே பூசலாமா?"

ஒரு உடற்கல்வி ஆசிரியை கேட்டது. வெடிப்பின் இரண்டு கரையிலும் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்து, வெடிப்பு மெல்லியதாக இருந்தால் அடைத்துவிட்டுப் பூசலாம். என்றாலும் சில வருடத்தில் அதே இடத்தில் ஒரு கோடு தெரியத்தான் செய்யும். ஒரு கரை உயர்ந்து நின்றால் அடியில் மண் இறங்கியிருக்கிறது, அல்லது பக்கத்து மரத்தின் வேர் தூக்கியிருக்கிறது. அதன் மேல் பூசுவது காசைக் கரைப்பது.

பள்ளம் பார்க்க, தளம் முழுக்கத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் வடியவிட்டு, தேங்கிய இடங்களில் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்கவையுங்கள். நாணயம் மூழ்கினால் அந்த இடத்தை நிரப்பாமல் பூசக்கூடாது. சுற்றிலும் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டால் எத்தனை வட்டம் என்று எண்ணிச் செலவைச் சொல்லிவிடலாம். அந்தப் பள்ளியில் பதினொரு வட்டம், உடைக்க வேண்டியிருக்கவில்லை.

"எட்டு வருஷம் கேரண்டி தாறேங்காரு. நம்பலாமா?"

எதற்குக் கேரண்டி என்று கேளுங்கள். பெரும்பாலும் பூச்சின் நிறத்துக்கு இருக்கும். கொப்புளம், வெடிப்பு, தேக்கம் வந்தால் "அது அடித்தளக் கோளாறு" என்று கொத்தனார் பக்கம் கையைக் காட்டுவார்கள். கொத்தனாரோ பூச்சுக்காரரைக் காட்டுவார். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. முடிந்தால் இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுங்கள். முடியாவிட்டால், பூச்சுக்காரர் தளத்தை நாணயச் சோதனையும் பாலித்தீன் சோதனையும் செய்து "ஏற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்ட பிறகு வேலையைத் தொடங்கட்டும். அவர் முன்பு போட்ட கோர்ட் ஒன்றை நேரில் பாருங்கள், அதுவும் ஐப்பசியில் மழைவிட்ட ஒரு மணி நேரத்தில். புதிதாகப் பூசிய அன்று எடுத்த போட்டோவில் எல்லாக் கோர்ட்டும் அழகுதான்.

"கைல இருக்கது பாதிப் பணம்தான். கடன் வாங்கி முழுசா போட்டுரலாமா?"

வேண்டாம், மூன்று வருடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் ஓடை, கய்யாலை, ஜல்லியும் பாறைப்பொடியும் போட்டு இறுக்கிய அடித்தளம். மேலே சலித்த செம்மண் பரத்தி ஆடுங்கள். இரண்டு மழை அதன் மேல் பெய்யட்டும். எங்கே இறங்குகிறது, எங்கே தண்ணீர் அரிக்கிறது என்று தளமே காட்டிக்கொடுக்கும். அடுத்த தையில் மண்ணை வழித்துவிட்டுக் கான்கிரீட். அதிலும் ஒரு வருடம் வெறுமனே ஆடலாம். பூச்சு மூன்றாம் தையில். இப்படிச் செய்தால் 28 நாள் பொறுக்கிற தொல்லையும் இல்லை.

"எல்லாம் சரி, ஒங்க கோர்ட்டுல அந்தக் கொளம் இன்னும் கெடக்கா?"

எங்கள் ஊர்க்காரர்கள்தான் இதைக் கேட்கிறார்கள், சிரித்துக்கொண்டே. கொப்புளம் வந்த பகுதியைச் சுரண்டித் திரும்பப் பூசியபோது, அந்த மூலையையும் மணல் கலந்த அக்ரிலிக் கலவையால் இரண்டு அடுக்காக நிரப்பி, மூன்று மீட்டர் மட்டப்பலகை வைத்து இழுத்தோம். நாணயம் மூழ்கவில்லை. போன கார்த்திகையில் பார்த்தால் தண்ணீர் அரை மீட்டர் தள்ளி, பக்கக் கோட்டுக்கு வெளியே போய் நிற்கிறது, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. சர்வீஸ் போடுகிறவனுக்கு இப்போது தொந்தரவில்லை. ஸ்கோர் எழுதுகிற பெரியவர் மட்டும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.